தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமை

மூன்றே மூன்று சொட்டுதான். அதை விட்டு, கார்டைக் குளியலறை ஜன்னல் திட்டில் சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் சுகந்தி நினைத்திருந்தாள். ஒரு மனுஷிக்கு ஐந்து நிமிடம் என்பது பெரிய ஆசையா என்ன? இந்த வீட்டில் பெரிய ஆசைதான். கையைக் கழுவி முடிப்பதற்குள் தொட்டிலில் இதழினி வீறிட்டாள். அடுப்படியில் இருந்த மாமியார், "ஏத்தா, பிள்ளை முழிச்சிருச்சு பாரு" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்குப் பிறகு குளியலறைக்குள் நின்றால் கதவு தட்டப்படும். தூக்கிக்கொண்டு வந்து பாயில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். கார்டு அங்கே, இவள் இங்கே. சுவர்க் கடிகாரத்தில் அப்போது பத்து ஐம்பது, இப்போது பத்து ஐம்பத்திரண்டு. பத்து மாதக் குழந்தை வாயில் மார்பும் கையில் அம்மாவின் தாலிக்கொடியுமாகக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகிறது. அசைந்தால் கண்ணைத் திறக்கும், திறந்தால் அழும், அழுதால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்தது, ஐந்து நிமிடத்தில் பார், பத்து நிமிடம் தாண்டினால் பார்க்காதே என்று. காலை முதல் சிறுநீர் நல்லது என்றும்தான் போட்டிருந்தது. காலையில் இந்த வீட்டுக் குளியலறை பழைய பேருந்து நிலையம் மாதிரி. அங்கே போய் நிதானமாகச் சொட்டு எண்ண முடியுமா? ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இரண்டு கோட்டுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கும், ஒரு நெல்மணி அகலம். அதற்குள் திங்கட்கிழமை தொடங்கும் பயிற்சியே போய்விடும்.

பால் இறங்கியது. முதலில் சுள்ளென்று ஒரு குத்தல், அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதகதவென்று நிறைவது. குழந்தை ஒரு பக்கம் குடிக்க, மறுபக்கம் தானாக ஜாக்கெட்டை நனைத்தது. இதை நிறுத்தவும் முடியாது, கொஞ்சம் பொறு என்று சொல்லவும் முடியாது. உடம்பு யாரைக் கேட்டு எதைச் செய்கிறது? தடுப்பூசி போடப் போன அன்று அந்த இளம் டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலை வரைந்தாள், சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, தலை சுரைக்காய் மாதிரி இருந்தது. தலையிலிருந்து ஓர் அம்புக்குறி மார்புக்கு, இன்னொன்று அடிவயிற்றுக்கு. "பிள்ளை சப்பச் சப்ப மூளைக்குச் செய்தி போகும். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஏறும். அது ஏறி உக்காந்திருக்கிற வரைக்கும் முட்டையைக் கிளப்பிவிடுற ஹார்மோன் தூங்கும்." இரண்டாவது அம்பின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். மாதவிடாய் சிலருக்கு ஆறாம் மாதமே வந்துவிடும், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட வராது, இரண்டும் சரிதான் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சீட்டை நீட்டும்போது பேனாவால் அந்தப் பெருக்கல் குறியைத் தட்டி, "ஆனா வரலைங்கிறதுக்காகக் கரு நிக்காதுன்னு நினைச்சிராதீங்க. ஆறு மாசம் வரைக்கும், வெறும் தாய்ப்பால் மட்டும் குடுக்கையில, ஓரளவு நம்பலாம். அதுக்கப்புறம் நம்பக்கூடாது. முட்டை முதல்ல, ரத்தம் அப்புறம். தூங்குறது என்னைக்கு முழிக்கும்னு யாருக்கும் தெரியாது" என்றாள். இதழினி இப்போது இட்லி தின்கிறாள், பருப்புச்சாதம் தின்கிறாள், பாயில் கிடக்கும் சட்டைப் பித்தானைக்கூடத் தின்னப் பார்க்கிறாள். இரவில் நாலு தடவை எழுந்தவள் ஒரு மாதமாக ஒரே தடவைதான் எழுகிறாள். எவ்வளவு சந்தோஷப்பட்டோம், பிள்ளை தூங்குகிறது பிள்ளை தூங்குகிறது என்று. பிள்ளை தூங்கினால் அது முழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தோன்றியது? கடைசியாக வந்தது பத்தொன்பது மாதத்துக்கு முன். போன வாரம் பல் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நீட்டினார்கள், கடைசி மாதவிடாய் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது, ஈறு வீங்கியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ, போன வருடத்துக்கும் முந்தின வருடத்தை எழுதினாள். அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு வருடம் தப்பாப் போட்டுட்டீங்களே என்றாள். தப்பு இல்லை. சுகந்தி சிவில் டிப்ளமோ படித்தவள். வயலை அளக்க முதலில் எல்லைக்கல்லைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கல் இருந்தால் அங்கிருந்து சங்கிலி பிடித்துவிடலாம். கல்லே இல்லாவிட்டால் எங்கிருந்து எண்ணுவது? நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்வதற்குக்கூட ஒரு நாள் வேண்டும்.

கூடத்தில் தொலைபேசி அடித்தது. மாமியார் தனபாக்கியம் போனில் பேசுவது என்றால், அருப்புக்கோட்டையிலிருந்து சாத்தூருக்கு போன் இல்லாமலே கேட்கும். "யாரு, மதினியா? நானே கூப்பிடணும்னு இருந்தேன்." சுகந்தியின் அம்மாதான். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் ஒரு வாரமாக ஒரே பேச்சு, குலசாமி கோயிலில் இதழினிக்கு மொட்டையும் காதுகுத்தும். "ஆமா மதினி, சிவராத்திரிக் கூட்டம் ஓயட்டும். மாசி இருபத்திரண்டு ஞாயித்துக்கிழமை. உங்க மகனுக்கும் லீவு, மடியில வச்சுக் காது குத்த தாய்மாமன் வேணும்ல. அதுவும் போக, உங்க மக போன வெள்ளிக்கிழமைதான் தலைக்குக் குளிச்சா. அப்ப அடுத்து பங்குனி பொறக்கையில தான் வரும். இருபத்திரண்டு சுத்தமான நாளு. ஆமா, குளிச்சிட்டா, எனக்கும் இப்பத்தான் நிம்மதி." சுகந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முடிந்தது, சாத்தூருக்கும் செய்தி போய்விட்டது. இந்த வெள்ளிக்கிழமைக் கூத்தை என்னவென்று சொல்ல. மூன்று மாதமாக மாமியார் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கேட்பாள், காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு: "ஏத்தா, தலைக்குக் குளிச்சியா?" இல்லை அத்தை. "இன்னுமா?" இன்னும்தான். சனிக்கிழமை காலையில் தலையை வாரிக்கொண்டு நின்றவளிடம் அதே கேள்வி. இவளுக்கு அப்போது பாதித் தூக்கம், கையில் சிக்கெடுக்கும் சீப்பு, பால் பொங்குகிறது, பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. "குளிச்சேனே அத்தை, நேத்து வெள்ளிக்கிழமைதான" என்றுவிட்டாள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, நிஜமாகவே தலைக்குத்தான் குளித்திருந்தாள். மாமியார் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்பாடி! பெறகு விளக்கேத்துற பக்கம் வராத, நான் பாத்துக்கிருதேன்" என்று இரண்டு நாள் பூஜை அலமாரியைத் தானே பார்த்துக்கொண்டாள், உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். களி வாய்க்குள் போன பிறகுதான் சுகந்திக்கு உறைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தை, நான் வெறும் தலைக்குத்தான் குளித்தேன். எப்படிச் சொல்வது? அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அதோடு, உண்மையைச் சொல்லப்போக, இந்தக் கேள்வி மறுபடி ஆரம்பிக்கும் என்ற பயமும்தான். எதற்கு இப்படிக் கேட்கிறாள்? வேறெதற்கு, அடுத்ததற்குத்தான். இது பெண், அடுத்தது பேரன் வேண்டாமா? உடம்பு சரியாகிவிட்டதா, நிலம் தயாரா என்று பார்க்கிறாள். ஒரு சொல்லில் இத்தனை வசதியா நம் ஆட்களுக்கு! குளித்தால் ஒன்று, குளிக்காவிட்டால் ஒன்று, முழுகாமல் இருக்கிறாள் என்றால் இன்னொன்று. சும்மா அழுக்குப் போகக் குளிப்பதற்கு மட்டும் ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது.

பத்து ஐம்பத்து நாலு. தாடை வேகம் குறைந்தது, ஆனால் வாயை விடவில்லை. திங்கட்கிழமை. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்த உத்தரவு இருக்கிறது, நில அளவைப் பயிற்சி, மூன்று மாதம், ஊருக்குப் பக்கத்திலேயே, காலையில் போய் மாலையில் வரலாம். பரீட்சை எழுதி, தேறி, சான்றிதழ் சரிபார்த்து, முதல் உத்தரவு வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரப்பில் சங்கிலி பிடிக்க முடியுமா? மனு எழுதித் தள்ளிவைத்தாள். இந்தத் தடவை கடிதத்திலேயே போட்டுவிட்டார்கள், இனித் தள்ளிவைக்க இயலாது. வெயிலுக்குத் தொப்பி வாங்கியாயிற்று. கேன்வாஸ் ஷூ வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்ததில் ராஜவேல் சிரித்து உருண்டான். நல்லவன்தான் அவள் புருஷன், மில்லில் சூப்பர்வைசர், சத்தம் போடத் தெரியாதவன். ஆனால் மாட்டுப் பொங்கலன்று, டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தும், அன்று ஒருநாள், பக்கத்து மருந்துக்கடை சாத்தியிருந்தது என்று இரண்டு பேருமே சாக்குச் சொல்லிக்கொண்டார்கள். "பால் குடுக்கையில ஒண்ணும் ஆகாதாம், எங்க மில்லுல ஒருத்தர் சொன்னாரு" என்றான். நூல் மில்லில் இதற்கெல்லாமா வைத்தியம் சொல்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். சிரித்தது அவள்தானே, அவனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது. அன்றிலிருந்து நாலு வாரம் தாண்டிவிட்டது. நாலு நாளாகக் கடுகு தாளிக்கும் வாசனை வயிற்றைப் புரட்டுகிறது. மத்தியானமானால் நின்றபடியே தூக்கம் வருகிறது. பத்து மாதப் பிள்ளையை வைத்திருக்கிற எவளுக்குத்தான் நின்றபடி தூக்கம் வராது? அப்படிச் சொல்லிப் பார்த்தாள். கடுகு? கடுகில் தூசி இருக்கலாம். அடிவயிற்றுத் தையலுக்கு இன்னும் மழைநாளில் ஊறல் எடுக்கிறது, இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதியே கொடுத்தார். எங்கே சுற்றினாலும் மனசு அந்த ஜன்னல் திட்டில் போய் முட்டியது. சீயக்காய் டப்பா, அதற்குப் பின்னால் கார்டு, கார்டின் நடுவில் ஈரம் மெல்ல ஊர்ந்து மேலேறுவது.

இதழினி திடீரென்று வாயை விலக்கி, முகத்தைத் திருப்பி, நை என்று ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டு மறுபடி பற்றிக்கொண்டாள். இதுவும் மூன்று நாளாகத்தான். பல் வருவதாக இருக்கும். பல்தான். பால் ருசி மாறியிருக்குமோ? வயிற்றில் ஒன்று வந்துவிட்டால் மேலே இருக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடும், நைநை என்று படுத்தும், மெலியும் என்று எதிர்வீட்டம்மாள் கதை கதையாகச் சொல்வாள். நம்பிக்கையில்லை, ஆனாலும் குழந்தையின் தொடையை ஒருதரம் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாக நன்றாகத்தான் இருந்தது. அவள் கணவன்தான் மெலிசு. முப்பத்திரண்டு வயது ஆணுக்கு மணிக்கட்டு இவள் மணிக்கட்டளவு. அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமியார், "சவலைப் பய, நல்லாத் தின்னட்டும்" என்று கேளாமலே இன்னொரு கரண்டி வைப்பாள். கல்யாணமான புதிதில் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்திருந்தாள். இதழினியைப் பார்த்து, நீ சவலை இல்லைடி, நீ குண்டுப் பூசணி என்று மனசுக்குள் சொன்னாள். எனக்கு வேண்டாம். முதல்தடவையாக அந்தச் சொல் அப்படி வெளிப்படையாக உள்ளே வந்து நின்றது. எனக்கு இப்போது இன்னொன்று வேண்டாம். சொன்னதும் பயமாக இருந்தது, யாரோ கேட்டுவிட்டதுபோல் வயிற்றின் மேல் கை போனது. ஒருவேளை இருந்தால், அது கேட்டிருக்குமா? ஒரு மாதத்தில் காது ஏது. இருந்தாலும் மன்னிச்சுக்கோ என்றாள், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றிடம். அப்புறம் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மறுபடி ஒரு மனு எழுத வேண்டும், கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்தது பையன்தான் என்பார்கள், ஷூவை அதே பெட்டியில் வைத்துப் பரணில் போட வேண்டும். எட்டு வருடம் கழித்து எடுத்தால் ரப்பர் பிய்ந்திருக்கும்.

"சரி மதினி, வச்சிருதேன், குளிக்கணும்." பத்து ஐம்பத்தாறு. குளிக்கணும். அந்தச் சொல் கூடத்திலிருந்து உருண்டு வந்து சுகந்தியின் காதுக்குள் விழுவதற்குள் மாமியாரின் மெட்டிச் சத்தம் குளியலறைப் பக்கம் திரும்பிவிட்டது. எழுந்திருக்க வேண்டும். தாலிக்கொடி குழந்தையின் கையில். அத்தை, கொஞ்சம் இருங்க என்று கூப்பிடலாம், எதற்கு என்று கேட்டால்? தாழ்ப்பாள் விழுந்தது. வாளியில் தண்ணீர் நிறையும் சத்தம். மாமியார் தலைக்குக் குளிக்கிற நாள் இல்லை இன்று, புதன்கிழமை. சீயக்காய் டப்பாவைத் தொட மாட்டாள். மஞ்சள் கிண்ணம் எங்கே இருக்கிறது? டப்பாவுக்குப் பக்கத்தில். தண்ணீர் சத்தம் நின்றது. அப்படியே நின்றது. அப்புறம் செம்பு வாளியில் மோதவே இல்லை. சுகந்தி தன் மூச்சையும் குழந்தையின் மூச்சையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். விசித்திரம், பயம் போய்விட்டிருந்தது. யாராவது ஒருவர் பார்த்தால் சரி என்று இருந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

மாமியார் வாசற்படியில் நின்றாள். கட்டின சேலை கட்டினபடி, பல்லியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலில் கார்டு. "டிவில காட்டுவாகளே, அதுதான இது?" ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள் சுகந்தி. "ஒத்தைக் கோடு இருக்கு. ஒத்தைக் கோடு நல்லதா, கெட்டதா?" "நல்லாப் பாருங்கத்தை. ரெண்டாவது லேசாக்கூட இல்லையா?" தனபாக்கியம் ஜன்னலருகே போனாள். இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கார்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும் அரிசியில் கல் பார்ப்பதுபோல் பார்த்தாள். பத்து ஐம்பத்தெட்டு. "இல்லத்தா. ஒண்ணே ஒண்ணுதான்." சுகந்தி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போனது. திங்கட்கிழமை திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த வாரம் காலையில் எழுந்ததும் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், ஆனால் அது அடுத்த வாரம். "அப்ப நல்லதுதான் அத்தை. இல்ல." மாமியார் அப்படியே பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குக் கணக்கு இடித்தது. "இரு. வெள்ளிக்கிழமை குளிச்சேன்னியே? பெறகு எதுக்கு இது?" "தலைக்குத்தான் அத்தை குளிச்சேன். எண்ணெய் தேச்சு. சீயக்கா போட்டு." தனபாக்கியம் அவளையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, பிள்ளை எழுந்துவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அடிப் பாதகத்தி! களி கிண்டிப் போட்டேன், வாயத் தொறக்காம தின்னியே! உங்கம்மாகிட்ட மாசி இருபத்திரண்டு வரைக்கும் போயிட்டேனே நான்!" சுகந்திக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து வந்ததால் தும்மல் மாதிரி வந்தது.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கேட்டுவிட்டாள். "நீங்க ஏன் அத்தை எப்பப் பாத்தாலும் இதையே கேக்குறீங்க? ரெண்டாவது சீக்கிரம் வேணும்னா?" தனபாக்கியத்தின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டாவதா? நான் எங்க கேட்டேன்?" கார்டைப் பாயில் வைத்தாள். குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவினாள். "இவ அப்பன் இம்புட்டுத்தான் இருந்தான். இதே பத்து மாசம். நான் அவனப் பெத்ததுல இருந்து தலைக்கே குளிக்கல. பால் குடுக்குறோம், வராதுன்னு இருந்துட்டேன். அஞ்சாம் மாசம் வயித்துக்குள்ள தவ்வுன பெறகுதான் தெரிஞ்சுச்சு, சேகரு. மறுநாளே பாலை நிப்பாட்டுன்னுட்டாக, உள்ள இருக்கிறதுக்கு ஆகாதாம். மார்ல வேப்பெண்ணெயத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன்." சேகர் என்றால் ராஜவேலின் தம்பி, திருப்பூரில் இருக்கிறான், வாட்டசாட்டமான ஆள். "மூத்தவன் தவழ்ந்து வந்து வாய வச்சான். கசந்துச்சு. என் மூஞ்சியப் பாத்தான். மறுக்காவும் வந்து வாய வச்சான். மூணு நாளு அப்படியே வந்து வந்து பாத்தான்த்தா. பெறகு வரல. அம்மா வயித்துல அடுத்தது வந்து, பாலில்லாமப் போற பிள்ளையத்தான் சவலைம்பாக. அதுலருந்து தேறவே இல்ல அவன்." வெளியே காய்கறி வண்டிக்காரன் முருங்கைக்காய் முருங்கைக்காய் என்று கூவிக்கொண்டு போனான். அவன் தெரு முனை தாண்டும்வரை மாமியார் அந்த உள்ளங்காலையே தடவிக்கொண்டிருந்தாள். "அந்த வீட்டுல அஞ்சு பொம்பளைக இருந்தோம். தலைக்குக் குளிச்சியான்னு ஒருத்திகூட என்னையக் கேக்கல."

இதழினியின் வாய் தானாக நழுவியது. உதட்டோரம் ஒரு சொட்டு பால் நின்றது. தாலிக்கொடியை விட்ட அந்தக் கை காற்றில் எதையோ தேடி, மாமியாரின் விரலைப் பிடித்துக்கொண்டது. சுகந்தி இப்போது எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை. மூன்று மாதமாக அந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதிலை, இந்தத் தடவை மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் குளிக்கல அத்தை. குளிச்சா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்."